வெள்ளையடிப்பது திருப்பணி அன்று

மேடவாக்கத்தில் நாம் குடியிருக்கும் தெருவின் முனையில் சிறியதொரு பெருமாள் கோயில் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பைத் தொட்டுக்கொண்டு வயல்கள் கிடந்த காலத்து ஊர்க்கோயில். இன்று அதன் நான்கு புறமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். கோயிலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்குள்ளவர்கள் நமக்கு வேண்டியவர்கள் என்பது ஒரு காரணம். நடந்தது அந்த ஒரு கோயிலின் குற்றம் மட்டும் அன்று என்பது மற்றொன்று.

அக்கோயிலின் முன்மண்டபத்து உட்சுவரில், கருட வாகனத்தை நிறுத்தி வைக்கும் மூலையில், யானைக்கு அருளிய கதை ஓவியமாக இருந்தது. பாய் விரித்தாற்போலக் குளம் மேலிருந்து பார்த்தபடி தீட்டப்பட்டிருக்கும். அக்குளத்து மீன்களும் தாமரைகளும் பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும். யானை இருமுறை வரும்: பிடிகள் சூழ நீருண்ண வருகையில் ஒருமுறை, முதலை காலைக் கவ்விய நிலையில் மறுமுறை. பெருமாளும் இருமுறை வருவார்: கருடன்மீது விண்ணில் ஒருமுறை, கரையில் இறங்கி நின்று யானையின் மத்தகத்தில் கைவைத்தபடி மறுமுறை. காவி, மஞ்சட்காவி, பச்சை, கரி, சுண்ணாம்பு வெள்ளை. இவற்றுக்கு மேல் நிறமில்லை. அடியில் ஒரு பட்டையில், எழுத்துப்பிழை மலிந்த தமிழில், கதைக்குறிப்பு. நூறாண்டுக்கு முற்பட்டதாக இருக்கலாம். அதற்குமேல் அதற்குப் பழமை கொண்டாடும் ஆசை நமக்கில்லை. எந்த அரசனும் செய்வித்ததன்று. எந்த நூலிலும் ஏறியதன்று.

சென்ற கும்பாபிஷேகத்தோடு அது போயிற்று. சுவர் முழுதும் சந்தன நிற எனாமல். அதன்மேல், ஓவியம் இருந்த அதே இடத்தில், கடைக்காலண்டரைப் பார்த்து வரைந்த புதிய பெருமாள். இளநீல மேனி, உதட்டுச் சாயம், பின்னால் பனிமலை. திருமால் கோயிலில் பனிமலை எதற்கு என்று நாம் கேட்கவில்லை. கேட்டது வேறு. தர்மகர்த்தா பெருந்தன்மையோடு விடை தந்தார்: “அது ரொம்பப் பழசாப் போச்சு சார். சாமி முகமே தெரியல. லட்சணமாவும் இல்ல. இப்போ பாருங்க, எவ்வளவு அம்சமா இருக்கு! நாங்க மரபை மாத்தல சார், புதுப்பிச்சிருக்கோம்.”

நல்ல மனிதர். சொந்தப் பணத்தைப் போட்டுத் திருப்பணி செய்தவர். அவர்மேல் நமக்குச் சினமில்லை. அவர் வாயிலிருந்து வந்த இரு சொற்கள்மேல் இருக்கிறது: லட்சணம், மரபு. தமிழகத்தில் இன்று ஓவியச் சுவர்களை அழிக்கும் கருவிகள் தூரிகையும் சுண்ணாம்பும் மட்டுமல்ல, இவ்விரு சொற்களும்தாம்.

லட்சணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று நாம் ‘சாமி முகம்’ என்று கண்மூடி நினைக்கும் முகம் எத்தனை ஆண்டுப் பழமையுடையது? கிளிமானூர் இரவிவர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவி இலக்குமியையும் சரசுவதியையும் படம் படமாக அச்சிட்டு விற்றார். ஐரோப்பியத் தைலவண்ண முறை; ஒளியும் நிழலும் கொண்ட உருண்ட கன்னம்; தேவியருக்கு மடிப்புக் கலையாத சேலை. தெற்கே, சென்னை ஓவியப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, பின்னர்க் கோவில்பட்டியில் நிலைத்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் அம்முகத்தை இன்னும் மென்மையாக்கினர்; சிவகாசி அச்சகங்கள் அதை வீடுதோறும் ஆணியில் மாட்டின. கூட்டிக் கழித்தால் 130 ஆண்டு. நம் பாட்டனாரின் பாட்டனார் இம்முகத்தைக் கண்டதே இல்லை.

இதனால் இரவிவர்மாவையோ கொண்டையராஜுவையோ நாம் இழிவுசெய்வதாக எவரும் கொள்ள வேண்டா. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்தவனின் குடிசைக்கும் கடவுளின் உருவத்தைக் கொண்டு சேர்த்தது அச்சுப்படம். நம் வீட்டுப் பூசையறையிலும் கோவில்பட்டி முருகன்தான் இருக்கிறான், கழற்றும் எண்ணமில்லை. காலண்டர் காலண்டராக இருக்கும்வரை வழக்கில்லை. அதையே அளவுகோலாக்கி, அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டு ஓவியத்தின்மேல் வைத்து அளந்து, ‘லட்சணமில்லை’ என்று தீர்ப்பெழுதும்போதுதான் வழக்கு.

அந்த ஆயிரம் ஆண்டில் நம் ஓவியர் கடவுளை எப்படிக் கண்டனர்? விழுப்புரம் மாவட்டத்துப் பனைமலைக்குச் சென்றவர்கள் அறிவர். இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலின் சிற்றறை ஒன்றில் உமை நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை. ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றி, தலையைச் சாய்த்து, ஆடுகின்ற கணவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடியவன் உருவம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது, பார்த்தவள் எஞ்சியிருக்கிறாள். தெருத்திண்ணையில் சாய்ந்து நிற்கும் பெண்ணின் நிலை அது! இப்படி ஒரு தேவியை இன்று ஒருவர் புதிதாகத் தீட்டினால், ‘சாமியை இப்படியா நிற்கவைப்பது’ என்று அவர் வீட்டின்முன் கூட்டம் கூடும். 1,300 ஆண்டுக்குமுன் கூடவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களுக்கு வருவோம். உட்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. நாம் கண்டதும் படிகளில்தான். அங்கே முப்புரம் எரித்தவன் எட்டுக் கைகளோடு தேரில் நிற்கிறான், பிரமன் தேரோட்டுகிறான், எலிமேல் பிள்ளையாரும் மயில்மேல் முருகனும் சிங்கத்தின்மேல் காளியும் உடன் வருகின்றனர். எதிரே அசுரர். அவர்களோடு அவர்தம் பெண்டிரையும் எழுதினான் பாருங்கள், அங்கேதான் அந்த ஓவியன் நம்மை வெல்கிறான். போருக்குப் பாயும் கணவனைப் பற்றிக்கொண்டு கலங்கும் பெண்கள். வெற்றி யாருடையது என்பதில் ஐயமில்லாத ஒரு கதையில், தோற்பவன் வீட்டு அழுகைக்குச் சுவரில் இடம் ஒதுக்கியிருக்கிறான் இராசராசன் காலத்து ஓவியன். சிவபெருமானின் கண்ணில் வெகுளி. இதழோரத்தில் முறுவல் போன்ற ஏதோ ஒன்று. காலண்டர் முகத்தில் இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டுங்கள் பார்ப்போம்.

அதே உட்சுற்றில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த சிவன் எப்படி இருக்கிறான்? ஓலையை நீட்டி வழக்காடும் கிழவனாக. நான்கு கையில்லை, மானில்லை, மழுவில்லை. அம்பலத்தார் திகைத்து நிற்கின்றனர். கதை தெரிந்தவனுக்கு மட்டுமே இவன் கடவுள் என்று தெரியும். கடவுளை அடையாளம் காணும் பொறுப்பைப் பார்ப்பவனிடமே விட்டுவிடுகிறது அவ்வோவியம்.

பார்ப்பவன் என்றதும் பரிபாடல் நினைவுக்கு வருகிறது. தமிழ் படித்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நப்பண்ணனார் பாடிய பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்று வருகிறது. மலையேறி வந்த மக்கள் சுவரோவியத்தின்முன் நின்று, இது யார், இது யார் என்று வினவுகின்றனர். உடன்வந்தவர்கள் இவள் இரதி, இவன் காமன், பூனையாய் ஓடுகிறவன் இந்திரன், இவன் கௌதமன், கல்லானவள் அகலிகை என்று சுட்டி விடை சொல்கின்றனர். முருகன் கோயிலில், இந்திரனின் இழிசெயல், சுவரில், எல்லோரும் காண! எவரும் மனம் புண்படவில்லை. அது ஓவியம் மட்டுமன்று, உரையாடல். நம் மேடவாக்கத்து யானைச் சுவரின் முன்னும் அவ்வுரையாடல் நடந்தது. தாத்தாக்கள் பேரன்களுக்குக் குளத்தைக் காட்டி, முதலையைக் காட்டி, ‘அதோ வராரு பார்’ என்று காட்டியதை நாமே கண்டிருக்கிறோம். புதிய எனாமல் பெருமாள்முன் அது நடப்பதில்லை. அவரைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. அவர் நம்மைப் பார்த்துப் புன்னகைக்கிறார். நாம் கும்பிட்டுவிட்டு நகர்கிறோம்.

மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்கிறது. காண்பார் கண்ணுக்குள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்ற பொருள்பட நச்சினார்க்கினியர் உரை சொல்கிறார். சித்திரகாரப்புலி என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொண்டான் மகேந்திரவர்மன். அவனுடைய பட்டப்பெயர்கள் பொறித்த குடைவரை இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தொலைவில், பல்லாவரத்தில் இருக்கிறது. ஓவியத்தைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்ல அரசன் ஆசைப்பட்ட நாடு இது. இன்று அதே வட்டாரத்தில் ஓவியம் என்றால் வரவேற்பறையில் தங்கரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படம், மேலே ஒரு சிறு விளக்கு. அதையும் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த வரவேற்பறையில் அமர்ந்துதான் தெருமுனைச் சுவர் ‘அழுக்கு’ என்று நம்மிடம் சொன்னார் ஒருவர்.

இனி மரபு என்னும் சொல். இங்கே எதிர்த்தரப்பின் கையில் வலிமையான வாதம் ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையன்று. ‘நாயக்கர் செய்யாததையா நாங்கள் செய்துவிட்டோம்?’ என்பர். உண்மை. தஞ்சையில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தில் சுதை பூசி வேறு ஓவியம் எழுதினர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த பழைய ஓவியத்தைக் கண்டறியும்வரை அது உலகின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. பழையதன்மேல் புதியது எழுதுவதுதான் கோயில் மரபு என்றால், எனாமல் பெருமாளும் அந்த வரிசையில் வந்தவர்தானே?

வரமாட்டார். நாயக்கர்கால ஓவியன் ஓவியத்தை மறைத்து ஓவியம் எழுதினான். அவனுக்குக் கதை தெரியும், கோடு தெரியும், சுதை தெரியும். அவன் பூசியது சுண்ணாம்பு. அடியில் இருந்ததும் சுண்ணாம்பு. இரண்டும் ஒரே சாதி. அதனால்தான் அடியிலிருந்தது சாகவில்லை; தொல்லியல் துறையினர் பிற்காலத்தில் நாயக்கர் படலத்தையும் கெடாமல் பெயர்த்தெடுத்துத் தனிப்பலகையில் பதிக்க முடிந்தது. எனாமல் அப்படியன்று. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கும், வெளிவிடும். எண்ணெய்ப் பூச்சு அதன் வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரத்தோடு உப்பு மேலேறி, படிகமாகி, அடிச்சுதையைத் தள்ளுகிறது. சில மழைக்காலங்களில் சுவர் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அப்போது உதிர்வது புதுப் பெருமாள் மட்டுமா? அடியிலிருக்கும் யானையும்தான். சதுப்புநிலத்து ஈரம் சுவருக்குள் ஏறும் நம் பகுதியில் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாயக்கர் மூடி வைத்தனர். நாம் மூடிக் கொல்கிறோம். கற்சுவரென்றால் இன்னும் கொடுமை. ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைப் பளபளப்பாக்கும் மோகம் ஒருகாலத்தில் கோயில் கோயிலாகப் பரவிற்று. பூச்சும் போனது, வண்ணத்தின் எச்சமும் போனது, கல்வெட்டின் எழுத்தும் மழுங்கிற்று.

‘கோயில் அருங்காட்சியகம் அன்று, வழிபடும் இடம்’ என்பது அடுத்த வாதம். முழுமையாக ஏற்கிறோம். அதனாலேயே சொல்கிறோம். மூலவருக்கு மருந்து சாத்தவும் விமானத்தைச் செப்பனிடவும் முறைகள் உண்டு. பாலாலயம் செய்து, கலையிறக்கி, அஞ்சி அஞ்சிச் செய்கிறீர்கள். சுவரிலிருந்த பெருமாளுக்கு என்ன செய்தீர்கள்? சிற்பநூல்கள் முழுவடிவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்பை அர்த்தசித்திரம் என்றும், சுவரோவியத்தைச் சித்திராபாசம் என்றும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகின்றன. விஷ்ணுதர்மோத்தரத்தில் படிமக்கலையைக் கேட்டு வந்த அரசனிடம் மார்க்கண்டேயர், முதலில் ஓவியம் அறிந்துவா, அதற்குமுன் ஆடல் அறிந்துவா, அதற்குமுன் இசை அறிந்துவா என்று சொல்லும் இடம் புகழ்பெற்றது. இத்தனை அறிந்த ஒருவன் எழுதிய தெய்வத்தை, நாட்கூலிக்கு வந்த ஒருவர் உருளைத்தூரிகையால் அரைமணி நேரத்தில் மூடும்போது எந்த ஆகமத்தைக் கேட்டீர்கள்?

வழிபாடும் நடக்கும், ஓவியமும் வாழும் என்பதற்குத் திருவாரூர் சான்று. தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை விரிகிறது. குரங்கு முகத்துச் சக்கரவர்த்தி இந்திரனுக்காகப் போரிட்டு, ஒன்றுபோல் இருக்கும் ஏழு திருமேனிகளில் உண்மையானதைத் தேர்ந்து, திருவாரூருக்குக் கொண்டுவருகிறான். அங்கே தியாகேசர் முகமன்று முதன்மை; அவரைச் சுற்றிய ஊரே முதன்மை. ஆடுமகளிர், மேளக்காரர், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. ஒவ்வொரு காட்சியின் அடியிலும் தமிழ்க் குறிப்பு. புகையும் நீர்க்கசிவும் தின்றுகொண்டிருந்த அவ்வோவியங்களைப் பிரகிருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து பொறுமையாகத் தூய்மைசெய்து காத்தன; 2011-இல் வி.கே. இராசாமணியின் ஒளிப்படங்களோடு டேவிட் சுல்மன் எழுதிய நூலும் வந்தது. திருவாரூரில் அதனால் ஒரு பூசையும் நிற்கவில்லை.

அழகர்கோயில் வசந்த மண்டபத்து இராமாயணத்திலும் தமிழ்க் குறிப்புகள் உண்டு; செங்கத்து இராமாயணத்தில் தெலுங்குக் குறிப்புகள். இவையெல்லாம் பேச்சுத்தமிழ், பேச்சுத்தெலுங்கு வரலாற்றுக்கும் மூலங்கள் என்பதைத் தமிழ்த்துறைகள் எத்தனை உணர்ந்திருக்கின்றன? இங்கே சாட்டையை நம் பக்கமே திருப்பவேண்டியிருக்கிறது. இருபதாண்டாகப் பரிபாடல் நடத்துகிறோம். ‘ஓவிய மண்டபம் பற்றிய குறிப்பு வரும் பாடல் எது?’ என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்கிறோம். மாணவர் எழுதுகின்றனர், மதிப்பெண் பெறுகின்றனர். வகுப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு சுவர் இருப்பதை ஒருமுறைதான் காட்டினோம். அன்றும் அடிப்பட்டையின் எழுத்துக்களைப் படித்து, ‘யானை’ என்பதில் பிழை கண்டு சிரித்துவிட்டு வந்தோம். படியெடுக்கவில்லை. அளக்கவில்லை. இன்று அச்சுவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே சான்று, அன்று வந்த மாணவி ஒருத்தி தன் தோழியரை எடுத்த கைப்பேசிப் படம். நான்கு பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கின்றனர். ஒருத்தியின் தோளுக்கும் மற்றொருத்தியின் காதுக்கும் நடுவே யானையின் துதிக்கையும் அதன்மேல் இறங்கிய கையும் தெரிகின்றன. முகம் தெரியவில்லை. தர்மகர்த்தா சொன்னது சரிதான்.

‘சட்டம் இருக்கிறதே’ என்பர் சிலர். இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 சூன் மாதத்தில் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பதற்கு 75 கட்டளைகள் பிறப்பித்தது. பெருங்கோயில்களுக்கு அது துணை நிற்கட்டும். நம் தெருமுனைக் கோயில் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதன் சுவருக்கு நீதிமன்றம், தொல்லியல் துறை, பல்கலைக்கழகம் எல்லாம் அந்தத் தர்மகர்த்தா ஒருவர்தாம். ஆகவே அவரிடம்தான் பேசவேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கும்பாபிஷேகம் வரும். பழைய சுவர் ஒவ்வொன்றும் அப்போது ஒருமுறை சாவின் விளிம்புக்குப் போய்வரும். நாம் அவரிடம் கேட்பது செலவில்லாத ஒன்று. அந்த ஒரு சுவரை விட்டுவிடுங்கள். கழுவ வேண்டா, எண்ணெய் தடவ வேண்டா, வார்னிஷ் பூச வேண்டா, ‘கொஞ்சம் டச்சப்’ செய்யவும் வேண்டா. ஆணி அடித்துக் குழல்விளக்கு மாட்டாதீர்கள். கூரையின் ஒழுக்கை மட்டும் அடையுங்கள். புதுப் பெருமாள் வேண்டுமானால் எதிர்ச்சுவர் வெறுமையாகத்தானே கிடக்கிறது!

இதை எழுதிக்கொண்டிருக்கும் இவ்வாரம், வேங்கைவாசல் பக்கம் வேறொரு கோயிலில் சாரம் கட்டியிருக்கிறார்கள். மண்டப விதானத்தில், விளக்குப்புகைக்கு அடியில், சிவப்பாக ஏதோ தெரிகிறது. தேரா, மயிலா என்று கீழிருந்து சொல்ல முடியவில்லை. அங்குள்ள பெரியவரிடம் பேசினோம். மறுக்கவில்லை, ‘வந்து போட்டோ எடுத்துக்கோங்க சார், ஆனா சீக்கிரம் வாங்க’ என்றார். நாளைக் காலை நான்கு மாணவரோடும் நல்ல புகைப்படக்கருவி ஒன்றோடும் செல்கிறோம். பெயிண்டர் வியாழக்கிழமை வருகிறாராம்.